எட்டரை ஜிபி டிவிடியை ஒரு ஃபிரேம்கூட குறையாமல் நகலெடுக்க

மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவோ, அரங்கேற்றமோ, மேடை நாடகமோ நல்ல தரத்தில் டிவிடியாக வந்திருந்தால் அது பெரும்பாலும் 4.7 ஜிபி டிஸ்க்கில் அடங்கியிருக்காது. இரண்டு லேயர் கொண்ட 8.5 ஜிபி டிஸ்க்கில்தான் இருக்கும். அதற்கு இன்னொரு காப்பி கேட்டால், சுருக்கி 4.7 ஜிபியில் அடக்கிக் கொடுப்பதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இதில் என்ன போகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். மூன்று மணி நேரத்தை 8.5 ஜிபியில் வைத்தால் வினாடிக்குச் சராசரியாக 6.3 மெகாபிட் கிடைக்கிறது. அதையே 4.7 ஜிபியில் அடைத்தால் 3.5 மெகாபிட்கூட மிஞ்சாது, ஒலிக்கான பங்கும் அதற்குள்ளேயே வர வேண்டும். தாலி கட்டும்போது அட்சதை பறக்கும் காட்சி, ஹோமப் புகை, பட்டுச் சேலையின் சரிகைக் கரை ஆகிய இடங்களில்தான் படம் முதலில் கட்டம் கட்டமாக உடையும். போனது போனதுதான். அந்தக் காப்பியிலிருந்து அடுத்த காப்பி எடுத்தாலும் அதே உடைந்த படம்தான் வரும்.

ஆகவே டூயல் லேயர் டிஸ்க்கை டூயல் லேயர் டிஸ்க்கிலேயே நகலெடுங்கள். பிளாங்க் டிஸ்க்கின் விலை கூடுதல், நேரமும் கூடுதல், வீணாகும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் எங்கே வீணாகிறது, ஏன் வீணாகிறது என்று தெரிந்துகொண்டால் பத்துக்குப் பத்து டிஸ்க்கும் நன்றாக வரும்.

தொடங்கும் முன் ஒன்று. கடையில் விலைக்கு வாங்கிய சினிமா டிஸ்க் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். அதன் சாவி டிஸ்க்கின் உள் விளிம்பில், லீட்-இன் பகுதியில் பதிந்திருக்கிறது. பிளாங்க் டிஸ்க்கில் அந்த இடத்தில் எழுத முடியாதபடியே தயாரிக்கிறார்கள். அதனால் அப்படிப்பட்ட டிஸ்க்கை செக்டர் செக்டராக நகலெடுத்தாலும் பூட்டிய தரவு மட்டும் வரும், சாவி வராது, படம் ஓடாது. பூட்டை உடைப்பதோ சட்ட விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் நீங்களே எடுத்த, உங்களுக்காக எடுக்கப்பட்ட, அல்லது நகலெடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிற, பூட்டில்லாத டிஸ்க்குகளுக்கு.

பிளாங்க் டிஸ்க் வாங்கும்போது

சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியில் கேட்கும்போது "8.5 ஜிபி ப்ளஸ் ஆர் டிஎல்" என்று முழுசாகக் கேளுங்கள். ப்ளஸ் ஆர் (+R) வகையை "டபுள் லேயர்" என்றும், மைனஸ் ஆர் (-R) வகையை "டூயல் லேயர்" என்றும் அதிகாரப்பூர்வமாகச் சொல்வார்கள். சுருக்கம் இரண்டுக்கும் டிஎல்தான். இரண்டு பக்கமும் எழுதும் டிஸ்க்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் எழுதுவது ஒரே பக்கத்தில், ஒன்றின் பின்னால் ஒன்றாக இருக்கும் இரண்டு அடுக்குகளில்.

சினிமா மாதிரியான வீடியோவுக்கு ப்ளஸ் ஆர் டிஎல்தான் வாங்க வேண்டும். காரணம் இரண்டு. லேயர் மாறும் இடத்தை நாமே குறிக்க ப்ளஸ் ஆரில் நல்ல வசதி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இதில் புக் டைப்பை, அதாவது டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை, ஆலையில் அச்சடித்த டிஸ்க்கைப் போல டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதலாம். மைனஸ் ஆரில் அது முடியாது. பழைய பிளேயர் டிஸ்க்கை ஏற்றுக்கொள்வதும் துப்புவதும் இந்த ஒரு விஷயத்தில் தொங்குகிறது.

கொள்ளளவு ப்ளஸ் ஆர் டிஎல்லில் 41,73,824 செக்டர். ஒரு செக்டர் 2,048 பைட், ஆக மொத்தம் 854,79,91,552 பைட். விண்டோஸ் இதை 7.96 ஜிபி என்று காட்டும். எட்டரை எங்கே போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு. மைனஸ் ஆர் டிஎல்லில் 41,71,712 செக்டர், அதாவது 2,112 செக்டர் குறைவு. விளிம்பு வரை நிறைந்த ஒரு டிஸ்க்கை நகலெடுக்கும்போது இந்தச் சின்ன வித்தியாசமே காலை வாரிவிடும்.

பெட்டியின் மேல் இருக்கும் பெயரைப் பார்த்து டிஸ்க்கை எடை போடாதீர்கள். ஒவ்வொரு பிளாங்க் டிஸ்க்கிலும் அதைத் தயாரித்த ஆலையைச் சொல்லும் மீடியா ஐடி இருக்கிறது. டிவிடி ரைட்டர் அந்த ஐடியைப் படித்துத்தான் லேசரை எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. வெர்பேட்டிம் பெயரில் வந்த டிஸ்க்குகளில் காணப்படும் எம்கேஎம் 001 (2.4 எக்ஸ் வேகம்), எம்கேஎம் 003 (8 எக்ஸ் வேகம்) ஆகிய இரண்டும் இந்த வேலையில் நீண்ட நாள் நம்பிக்கை பெற்றவை. ஒரே பிராண்டின் வெவ்வேறு பெட்டிகளில் வேறு ஐடி இருப்பதும் நடக்கும். எனவே ஐம்பது டிஸ்க் கட்டு வாங்குவதற்கு முன் ஐந்து டிஸ்க் வாங்கி, ஐடியைப் பார்த்து, எழுதிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

ரைட்டரும் கணினியும்

டூயல் லேயர் எழுதும் ரைட்டர்கள் 2004 முதல் சந்தையில் இருக்கின்றன. இன்று கையில் கிடைக்கும் எந்த டெஸ்க்டாப் ரைட்டரும் இதைச் செய்யும். செய்யும் என்பது வேறு, நன்றாகச் செய்யும் என்பது வேறு. ரைட்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் உங்கள் டிஸ்க்கின் மீடியா ஐடி அதன் பட்டியலிலேயே இருக்காது, குத்துமதிப்பாக லேசரை அடிக்கும். தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட ஃபர்ம்வேரை முதலில் ஏற்றிவிடுங்கள்.

லேப்டாப்போடு பயன்படுத்தும் ஒல்லியான யூஎஸ்பி ரைட்டரில் ஒரு கண்ணி இருக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லிஆம்பியர். டிஸ்க்கைப் படிக்க அது போதும். டூயல் லேயரில் எழுத லேசருக்குக் கூடுதல் சக்தி வேண்டும், அதோடு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது மின்சாரம் போதாமல் எழுத்து நடுவில் அறுந்துவிடும். சிங்கிள் லேயர் நன்றாக வருகிறது, டிஎல் மட்டும் ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். இரண்டு போர்ட்டில் செருகும் இரட்டைத் தலை கேபிளைப் போடுங்கள், அல்லது தனி அடாப்டர் உள்ள ரைட்டரைப் பயன்படுத்துங்கள். ஹப் வழியாகச் செருகவே வேண்டாம். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டைவிடப் பின்பக்க போர்ட் நம்பகமானது.

ஹார்ட் டிஸ்க்கில் குறைந்தது 9 ஜிபி காலியாக இருக்கட்டும், அந்தப் பகுதி என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பல பென் டிரைவ்கள் அந்த ஃபார்மட்டில் வருவதால், எடுத்த இமேஜை (டிஸ்க்கின் முழு நகலான ஒரே கோப்பை) அதில் மாற்றப் போகும்போது, இடம் காலியாக இருந்தாலும் கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுத்துக் குழப்பும். எழுதும் நேரத்தில் கணினி தூங்கப் போகாதபடி ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள். யூபிஎஸ் இல்லாமல் டிஎல் எழுதத் தொடங்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் குப்பைதான், விட்ட இடத்திலிருந்து தொடர வழி கிடையாது.

மென்பொருளுக்கு விண்டோஸில் இம்ஜ்பர்ன் (ImgBurn) இன்றும் போதும். கடைசிப் பதிப்பு 2.5.8.0, 2013இல் வந்தது. அதற்கப்புறம் புதுப்பிக்கப்படவில்லை என்பது குறையே இல்லை, இந்த வேலைக்கான எல்லாம் அதில் இருக்கிறது. நிறுவும்போது மட்டும் கூடவே வேறு எதையாவது ஏற்றட்டுமா என்று கேட்டால் ஒவ்வொன்றாக மறுத்துவிட்டு மேலே போங்கள்.

மூல டிஸ்க்கை இமேஜாக எடுப்பது

டிஸ்க்கை நேரடியாக இன்னொரு டிஸ்க்குக்கு அனுப்பாதீர்கள். இரண்டு டிரைவ் இருந்தாலும் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்து, பிறகு எழுதுங்கள். மூல டிஸ்க்கில் ஒரு கீறல் இருந்து வாசிப்பு திணறினால், நேரடி நகலில் எழுதும் டிஸ்க்கும் சேர்ந்து வீணாகும்.

மூல டிஸ்க்கை முதலில் துடையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால், நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், நீளமாக ஒரே இடத்துத் தரவு போகும், பிழைதிருத்தத்தால் சமாளிக்க முடியாது. நேராக விழுந்த கீறல் ஒவ்வொரு தடத்தையும் குறுக்கே கொஞ்சமாகத்தான் வெட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சில துளி சோப்புத் தண்ணீர் போதும்.

டிஸ்க்கைப் போட்டு, இம்ஜ்பர்னில் டிஸ்க்கிலிருந்து இமேஜ் எடுக்கும் பகுதிக்குப் போங்கள். வலப்பக்கத் தகவல் பலகையை அவசரப்படாமல் படியுங்கள். லேயர் எண்ணிக்கை 2 என்றும், டிராக் பாத் ஓடிபி (OTP, இதன் பொருள் கீழே வரும்) என்றும் இருக்க வேண்டும். மொத்த செக்டர் எண்ணிக்கையையும், லேயர் 0இன் செக்டர் எண்ணிக்கையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். வாசிப்பு வேகத்தை 4 எக்ஸுக்குக் குறையுங்கள். வாசிப்புப் பிழைகளை விட்டுத் தள்ளும் தேர்வு ஒன்று அமைப்புகளில் இருக்கிறது, அதை இயக்காதீர்கள். அது பிழையான செக்டருக்குப் பதில் வெற்றிடத்தை நிரப்பிவிட்டுப் போய்விடும், வேலை முடிந்தது என்ற செய்தியும் வரும், ஓட்டிப் பார்க்கும்போதுதான் வெடிக்கும்.

முடிந்ததும் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்று பெரிய ஐஎஸ்ஓ. இன்னொன்று சில கேபி மட்டுமே உள்ள எம்டிஎஸ். இந்தச் சின்னக் கோப்பில்தான் லேயர் எந்த செக்டரில் மாறுகிறது என்ற குறிப்பு இருக்கிறது. சின்னக் கோப்புதானே என்று அழித்துவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் வைத்துக்கொள்வது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. இரண்டையும் ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில் வைத்திருங்கள்.

வாசிப்பு நடுவில் நின்றால் டிஸ்க்கை இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் இடத்தை இன்னொன்று சிரமமில்லாமல் படித்துவிடுவது சகஜம். அதுவும் முடியாவிட்டால் லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ, படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்து வைத்துவிட்டு, விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்து முயலும். ஒரே இமேஜை இரண்டு டிரைவில் மாறி மாறிப் போட்டு நிரப்பவும் அதில் வழி இருக்கிறது.

லேயர் பிரேக்: வேலையின் உயிர்நாடி

டிஸ்க்கின் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். லேசருக்கு அருகில் இருப்பது லேயர் 0, ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி மீதியை உள்ளே விடும். அதன் பின்னால் சுமார் 55 மைக்ரான் தள்ளி லேயர் 1. படம் நடு ஓட்டைக்கு அருகில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கி லேயர் 0இல் ஓடுகிறது. ஓரிடத்தில் லேசர் தன் குவியத்தை ஆழமாக்கி, லேயர் 1க்குத் தாவி, அங்கிருந்து உள்நோக்கித் திரும்பி வருகிறது. வெளியே போய் உள்ளே திரும்பும் இந்த முறைதான் ஓடிபி. தாவும் அந்த இடம்தான் லேயர் பிரேக். பிளேயர் அங்கே கால் வினாடியோ ஒரு வினாடியோ நிற்கும். அது குறை அல்ல, ஆலையில் அச்சடித்த டிஸ்க்கிலும் உண்டு.

லேயர் பிரேக் எங்கே விழலாம் என்பதற்கு நான்கு கட்டுப்பாடுகள். லேயர் 0இல் இருப்பது லேயர் 1இல் இருப்பதைவிடக் குறையக் கூடாது. ப்ளஸ் ஆர் டிஎல்லில் லேயர் 0 அதிகபட்சம் 20,86,912 செக்டர்தான். பிரேக் விழும் செக்டர் எண் 16ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும், ஏனென்றால் டிவிடியின் பிழைதிருத்தக் கட்டம் 16 செக்டர் கொண்டது. கடைசியாக, அந்த செக்டர் படத்தின் ஒரு செல் தொடங்கும் இடமாக இருக்க வேண்டும். செல் என்பது படமும் ஒலியும் இருக்கும் விஓபி கோப்புக்குள் உள்ள ஒரு துண்டு. ஒவ்வொரு சாப்டர் தொடக்கமும் ஒரு செல் தொடக்கம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 36,00,000 செக்டர் உள்ள டிஸ்க். பாதி 18,00,000. எனவே பிரேக் 18,00,000க்கும் 20,86,912க்கும் இடையில் விழ வேண்டும். அந்த இடைவெளியில் மூன்று செல்கள் தொடங்குகின்றன: 18,12,480, 18,74,203, 19,58,976. பதினாறால் வகுபடுகிறதா என்று பார்க்க முழு எண்ணையும் வகுக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் பதினாறால் வகுபடும் என்பதால் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்தால் போதும். 2480ஐ 16ஆல் வகுத்தால் 155, சரி. 4203 ஒற்றைப்படை, கழித்துவிடலாம். 8976ஐ வகுத்தால் 561, இதுவும் சரி. (மென்பொருளில் காற்புள்ளி ஆங்கில முறையில் வேறு இடத்தில் நிற்கும், எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

மிச்சமிருக்கும் இரண்டில் எது? 18,12,480 கிட்டத்தட்ட நடுப்பாதி, 50.3 சதவீதம். இது டிஸ்க்குக்கு நல்லது. பிரேக் எவ்வளவு உள்ளே விழுகிறதோ அவ்வளவு குறைவாக வெளிவிளிம்பைத் தொட வேண்டியிருக்கும். டிஸ்க் அதிகம் ஆடுவதும், விரல் ரேகை படுவதும், சாயப் பூச்சு சீராக இல்லாமல் போவதும் விளிம்பில்தான். ஆனால் அந்த செக்டரில் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தால், நடுவில் அரை வினாடி மௌனம் காதில் அறையும். 19,58,976இல் காட்சி இருட்டாகி மாறுகிறது என்றால் அதையே எடுங்கள். நம் பார்வையில் காட்சிக்குத்தான் முதலிடம். எழுதுவது நல்ல டிஸ்க் என்றால் விளிம்புப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போவதில் பாதகமில்லை.

எம்டிஎஸ் கோப்பு கையில் இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் உங்களுக்கு இல்லை, மூல டிஸ்க்கில் இருந்த அதே இடம் அப்படியே வந்துவிடும். ஒரே விதிவிலக்கு, ஆலையில் அச்சடித்த மூல டிஸ்க்கில் லேயர் 0 மட்டும் 20,86,912ஐத் தாண்டியிருந்தால். அப்போது மென்பொருள் பட்டியல் காட்டி வேறு இடம் தேர்ந்தெடுக்கச் சொல்லும். எம்டிஎஸ் தொலைந்துபோய் ஐஎஸ்ஓ மட்டும் இருந்தாலும் இதே பட்டியல் வரும். ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு எது மேல் என்று அதுவே சொல்லும், முன்னோட்டமும் பார்க்கலாம்.

பொருத்தமான செல்லே இல்லை என்றால்? ஐஎஸ்ஓவாக இருக்கும்போது செக்டர் எண்கள் உறைந்துவிட்டன, நகர்த்த முடியாது. அதே இமேஜைத் திறந்து வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்து, கோப்புகளிலிருந்து டிஸ்க் உருவாக்கும் வழியில் போங்கள். அப்போது மென்பொருள் கோப்புகளுக்கு முன்னால் சில செக்டர்களைக் காலியாக விட்டு, செல் தொடக்கத்தைப் பதினாறின் மடங்குக்குத் தள்ளிவிடும். மேலே கழித்த 18,74,203கூட அப்படி ஐந்து செக்டர் தள்ளினால் 18,74,208 ஆகித் தேறிவிடும். அந்த இடைவெளியில் செல்லே கிடையாது, படம் முழுக்க ஒரே நீளத் துண்டு என்றால் எடிட்டிங் செய்தவரிடம் போய் நடுவில் ஒரு சாப்டர் வைத்து மறுபடி டிவிடியாக்கித் தரச் சொல்வதே நேர்வழி. வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் இங்கே: படம் 4.7 ஜிபியைத் தாண்டுகிறது என்று தெரிந்ததும், ஓட்டத்தின் 50 முதல் 55 சதவீதத்துக்குள் காட்சி மாறும் இடத்தில் ஒரு சாப்டர் வைத்துவிடுங்கள்.

எழுதுவது

டிஸ்க்கைக் கட்டிலிருந்து எடுக்கும்போது விளிம்பையும் நடு ஓட்டையையும் மட்டும் பிடியுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தூசி இருந்தால் ஊதாமல் காற்றுப் பம்பால் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும்.

டிஸ்க்கைப் போட்டதும் முதலில் புக் டைப். இம்ஜ்பர்னில் கீழ்ப்பக்கம் புத்தகம் போன்ற ஒரு குறி இருக்கும். அதில் உங்கள் ரைட்டர் தயாரிப்பாளரின் தாவலைத் திறந்து, டிவிடி ப்ளஸ் ஆர் டிஎல்லுக்கு டிவிடி-ரோம் என்று அமைத்து மாற்றுங்கள். சில ரைட்டர்கள் கேட்காமலேயே டிவிடி-ரோம் என்றுதான் எழுதும், அவற்றில் இந்த வேலை தேவையில்லை. எதுவானாலும் முதல் டிஸ்க் முடிந்ததும் மறுபடி போட்டு, புக் டைப் டிவிடி-ரோம் என்று காட்டுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஐஎஸ்ஓவை அல்ல, எம்டிஎஸ்ஸைக் கொடுங்கள். சரிபார்க்கும் வெரிஃபை தேர்வு இயங்கட்டும். வேகம் 8 எக்ஸ் டிஸ்க்குக்கு 4 எக்ஸ், 2.4 எக்ஸ் டிஸ்க்குக்கு 2.4 எக்ஸ். எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. 8 எக்ஸ் டிஸ்க்கின் சாயம் வேகமான, குறுகிய லேசர் துடிப்புக்காகச் செய்தது. அதன் கீழ் எல்லைக்கும் தாழ்த்தினால் சில ரைட்டர்களில் பிழை கூடத்தான் செய்யும். முழு டிஸ்க்குக்கு 4 எக்ஸில் சுமார் 26 நிமிடம், 2.4 எக்ஸில் சுமார் 43 நிமிடம் ஆகும். அதன்பின் எழுத்தை நிறைவு செய்து டிஸ்க்கை மூடும் நேரம், வெரிஃபை நேரம் தனி.

ஓடும்போது பாதியில் வேகம் திடீரென்று விழுந்து மறுபடி ஏறுவதைப் பார்ப்பீர்கள். அது லேயர் மாறும் நேரம், பயப்பட வேண்டாம். அந்த ஒரு நிமிடத்துக்குள் வேறு எந்தக் கனமான வேலையையும் கணினியில் தொடங்காதீர்கள். முடிவில் 100 சதவீதம் காட்டிய பிறகும் டிஸ்க்கை மூடச் சில நிமிடங்கள் ஆகும், விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். பொறுமையிழந்து பட்டனை அழுத்தி டிஸ்க்கை இழுத்தால், கணினியில் ஓடும், பிளேயரில் ஓடாது.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

எழுதத் தொடங்கும் முன்பே "பவர் கேலிபரேஷன்" பற்றிய பிழை வந்தால், ரைட்டர் சோதனை இடத்தில் லேசரை அடித்துப் பார்த்து, சரியான சக்தியைக் கண்டுபிடிக்க முடியாமல் கைவிட்டது என்று அர்த்தம். டிஸ்க்கும் ரைட்டரும் பொருந்தவில்லை, அல்லது லேசர் தேய்ந்துவிட்டது. வேறு மீடியா ஐடி உள்ள ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இப்படியே என்றால் ரைட்டரை மாற்றுங்கள்.

சரியாகப் பாதியில் நின்றால் லேயர் 1இல் எழுத முடியவில்லை. டிஎல் டிஸ்க்குகளில் மிக அதிகம் நடப்பது இதுதான். முதல் லேயரைத் தாண்டிப் போய் அடிக்க வேண்டியிருப்பதால் இரண்டாவது லேயருக்கு அதிக சக்தி வேண்டும், தேய்ந்த லேசர் இங்கேதான் காட்டிக்கொடுக்கும். யூஎஸ்பி ரைட்டர் என்றால் மின்சாரக் குறைவு. டெஸ்க்டாப் என்றால் ஃபர்ம்வேர், பிறகு டிஸ்க், பிறகு ரைட்டர் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

எழுதி முடிந்து வெரிஃபையில் தோற்றால், எந்த செக்டர் என்று பாருங்கள். லேயர் பிரேக்கை ஒட்டியே இருந்தால் விளிம்பு எழுத்து பலவீனம், அடுத்த டிஸ்க்கில் பிரேக்கை நடுப்பாதிக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள் அல்லது வேகத்தை ஒரு படி மாற்றுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தூசி, விரல் ரேகை அல்லது மட்டமான கட்டு.

கணினியில் முழுசாக ஓடி, வீட்டு பிளேயரில் "டிஸ்க் இல்லை" என்றால் புக் டைப் மாறவில்லை. பிளேயரில் நன்றாகத் தொடங்கி நடுப்படத்தில் உறைந்து நின்றால் லேயர் பிரேக் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது, பெரும்பாலும் எம்டிஎஸ்ஸை விட்டுவிட்டு ஐஎஸ்ஓவைக் கொடுத்ததன் விளைவு. பிளேயரின் வயதும் ஒரு காரணம். ஒற்றை லேயர் டிஸ்க் 45 முதல் 85 சதவீதம் ஒளியைத் திருப்பும், இரட்டை லேயரில் அது 18 முதல் 30 சதவீதம்தான். கண்ணாடியில் தூசி படிந்த பழைய பிளேயர் இந்த மங்கல் ஒளியில் தடுமாறுகிறது. லென்ஸைச் சுத்தம் செய்தாலே சில பிளேயர்கள் பிழைத்துக்கொள்ளும்.

கொடுக்கும் முன்

வெரிஃபை வெற்றி என்பது எழுதிய அதே ரைட்டர் படிக்க முடிந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. இன்னொரு டிரைவில் போட்டு வாசிப்பு வேகச் சோதனை ஓட்டுங்கள். நீரோவின் டிஸ்க் ஸ்பீடு போன்ற கருவிகள் வரைபடமாகக் காட்டும். கோடு மலை ஏறி இறங்குவதுபோல் வழவழப்பாக இருந்தால் நல்ல எழுத்து. நடுநடுவே பள்ளம் விழுந்தால் டிரைவ் அங்கே திரும்பத் திரும்பப் படித்துத் தப்பித்திருக்கிறது, அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். பிழை எண்ணிக்கை காட்டும் டிரைவ் இருந்தால், பிஐ பிழை (படிக்கும்போது முதல் கட்டப் பிழைதிருத்தம் கண்டுபிடிப்பது) 280க்கு மேற்படாமலும், பிஐ தோல்வி (அந்தக் கட்டத்தில் திருத்த முடியாமல் போவது) 4க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது தரவரையறை. பிறகு வீட்டில் இருப்பதிலேயே பழைய பிளேயரில் போட்டு, தொடக்கம், லேயர் மாறும் இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும், கடைசி ஐந்து நிமிடம் என மூன்று இடங்களைப் பாருங்கள்.

மேலே பெயர் எழுத நீர் மை கொண்ட மெல்லிய மார்க்கர் மட்டும். காகித லேபிள் ஒட்டினால் டிஸ்க் ஒரு பக்கம் கனத்து ஆடும், வெயில் காலத்தில் பசை இளகி வளையும், வளைந்த டிஸ்க்கின் விளிம்பில்தான் நம் லேயர் பிரேக் உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறைகளை அடுக்கி அமுக்கி வைக்காமல், கெட்டியான பெட்டியில் நிற்க வையுங்கள். காருக்குள்ளும் ஜன்னல் ஓரத்திலும் வேண்டாம், எழுதிய சாயத்துக்கு வெயில் எதிரி.

ஐஎஸ்ஓ, எம்டிஎஸ் இரண்டையும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, இம்ஜ்பர்ன் பதிவில் காட்டும் எம்டி5 எண்ணை (தரவின் கைரேகை போன்ற எண்) ஒரு உரைக் கோப்பில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை மறுபடி இமேஜாகப் படித்து அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் மாறினாலோ, படிக்க வழக்கத்தைவிட நேரம் இழுத்தாலோ, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் இமேஜிலிருந்து அன்றைக்கே புது டிஸ்க் எழுதிவிடுங்கள்.